பக்கத்து இருக்கை விளக்கு

அந்தக் காரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. பெட்ரோல் போடுகிறவர் முதல் எதிர் வீட்டு டெய்லர் வரை, கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இது வண்டியா செருப்பா என்று அதை வாங்கியவனின் மாமனார் கேட்டார். இதில் ஏறுவதில்லை, இதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொன்னார். மாமியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பின் சீட் எங்கே என்று இரண்டு பக்கமும் குனிந்து தேடினார், இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். அதுவும் ஓர் அபிப்பிராயம்தான்.

இது போதாதென்று, அபிப்பிராயம் சொல்வதற்கென்றே ஒரு கூட்டமும் இருந்தது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் அறுபது எழுபது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர் அதற்குத் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்புவார். வளைவில் எப்படி, சத்தம் எப்படி, நிறை என்ன, குறை என்ன, தொடர்ந்து வைத்திருப்பீர்களா என்று கேள்விகள் இருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அதைப் பரீட்சை எழுதுவது போல மேஜை போட்டு உட்கார்ந்து எழுதுவான். வாங்கிய நாளிலிருந்து குறை என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதிவந்தான். ஒரு வருஷம் யாரோ ஒருவர் ‘இரண்டு பேர்தான் உட்கார முடிகிறது’ என்று குறை எழுதியிருந்தார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சிரித்தான். இரண்டு சீட் வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, சீட் இரண்டுதான் இருக்கிறது என்று அழுகிறவரை என்ன செய்வது.

அவன் அதை வாங்கிய கதை வேறு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி, கடைசியில் ஒருநாள் மனைவிதான் போதும் என்றாள். நாம் இரண்டு பேர் இருக்கிறோமே, அது போதாதா என்று கேட்டாள். அடுத்த மாதமே பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் அந்த மஞ்சள் வண்டி அவன் கண்ணில் பட்டது. பத்து வருஷம் பழசு, ஆனால் கூரையை மடக்கிவிட்டால் வானம் தலைமேல் வந்து உட்காரும். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான். அவள் உள்ளே உட்கார்ந்து கையை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்து, நம்ம அளவுக்குச் சரியாத்தான் இருக்கு என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அவன் அப்போது பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசையை விட்டுவிட்ட பிறகுதான் வந்தாள் மகள். இப்போது அவளுக்கு நான்கு மாதம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘குட்டி’தான்.

குட்டி வந்ததும் வண்டிக்கு ஆபத்து வந்தது. கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்த மாதிரி உட்காரவைக்கிற பேபி சீட்டை மற்றவர்கள் பின் இருக்கையில் கட்டுவார்கள். இதில் பின் இருக்கை ஏது. பக்கத்து இருக்கையில்தான் கட்ட வேண்டும். அதற்கு நேர் எதிரே, டேஷ்போர்டுக்குள், ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. பெரியவர்களுக்கு அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் சிசுவின் சீட்டில் அது வெடித்து அறைந்தால் என்ன ஆகும் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் மண்டை ஓடு படம் போட்டே சொல்லியிருந்தார்கள். அதனால் குழந்தை இருக்கும்போது ஏர்பேக்கை அணைத்துவிட வேண்டும். அணைப்பதற்கு டேஷ்போர்டின் பக்கவாட்டில் ஒரு சாவித் துவாரம் உண்டு, பக்கத்துக் கதவைத் திறந்தால்தான் தெரியும். வண்டிச் சாவியையே அதில் போட்டுத் திருப்ப வேண்டும். இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கம் வரும். எந்தப் பக்கம் எது என்று போட்டிருந்த எழுத்து எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. வண்டியை ஓட்டும்போது நடுவில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தால் ஏர்பேக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அது ஒன்றுதான் சாட்சி.

குழுவில் கேட்டான். விற்றுவிடு என்று பாதிப் பேர். அணைத்துவிட்டுப் போ, நானும் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன் என்று மீதிப் பேர். மனைவி எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுநாள் சொன்னாள்.

“உங்களுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு தடவை தப்பு நடந்தாலும் வண்டி போயிடணும். அப்புறம் அதப் பத்திப் பேச்சே கூடாது.”

சரி என்றான். தப்பு நடக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அவனுக்குச் சோறு போடுவதே சரிபார்க்கிற வேலைதான். இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் தொட்டியின் அடியில் இறங்கும்போது, மேலே நிற்பவன் கரண்டை அணைத்தாச்சு என்று சொன்னால் நம்பக் கூடாது. தானே போய், தன் கையால் சுவிட்சைத் தொட்டு, வாய்விட்டு ‘அணைச்சாச்சு’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படித்தான் இறங்கினான், முழுசாகத்தான் ஏறி வந்தான். அவளுக்கோ ரத்த வங்கியில் வேலை. அங்கே வேறு சட்டம். ஒருவர் செய்தால் இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒருவர் பையின் எண்ணைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் பதிவேட்டில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பை வெளியே போகும். செய்த ஆளே பார்த்தால் அது பார்த்ததாகவே ஆகாது என்பாள்.

இரண்டு சட்டத்தையும் சேர்த்து வீட்டில் ஒரு முறை உண்டானது. அவன் சாவியைத் திருப்பி ‘அணைச்சாச்சு’ என்பான். எஞ்சினைப் போட்டதும் அவள் குனிந்து விளக்கைப் பார்த்து ‘எரியுது’ என்பாள். அதன் பிறகுதான் குட்டி வண்டியில் ஏறுவாள். பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் விடுகிறார்களோ என்று தோன்றும்.

அன்றைக்குத் தடுப்பூசி. பத்து மணிக்கு கிளினிக்கில் இருக்க வேண்டும். மனைவி பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏழு மணிக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள், அங்கிருந்து நேரே கிளினிக்குக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அவன் பாதி நாள் லீவு போட்டிருந்தான். குட்டிக்குப் பால் கொடுத்து, ஏப்பம் வரவைத்து, மாற்றுத் துணி இரண்டு எடுத்துவைத்து, சீட்டில் படுக்கவைத்து வார் மாட்டினான். வாரில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தான். ஏர்பேக்கை அவன் நினைத்துப் பார்க்காமல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசரை வீட்டில் கொண்டுபோய் விட்டான். பெரியவர் உட்காருவதால் அதற்கு முன் ஏர்பேக்கைப் போட்டுவிட்டிருந்தான். அவர் இறங்கியதும் அங்கேயே, அவர் வீட்டு வாசலிலேயே, மறுபடி சாவியைத் திருப்பித் தொட்டுப் பார்த்து ‘அணைச்சாச்சு’ என்று சொன்னதும் நன்றாக ஞாபகம் இருந்தது. கை சொன்னதை அவன் நம்பினான். கிளம்பினான்.

காலை வெயில் பக்கவாட்டிலிருந்து முகத்தில் அடித்தது. கூரையை மூடியிருந்தும் கண்ணாடி வழியாக டேஷ்போர்டு முழுக்க வெளிச்சம். வழி காட்டுவதற்காக நடுவில் மாட்டியிருந்த போன் வேறு பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. குட்டி ஏதோ பாஷையில் தன் காலோடு பேசிக்கொண்டிருந்தாள். அவனும் சூப்பர்வைசர் வண்டியிலிருந்து இறங்கப் பட்ட பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லித்தான் மனைவியைச் சிரிக்கவைத்திருந்தான்.

மேம்பாலத்தில் ஏறினதும் பக்கத்து வரிசையில் ஒரு பெரிய லாரி வந்து சேர்ந்தது. வெயில் மறைந்து, வண்டிக்குள் நிழல் விழுந்தது. போனுக்கு ஓரத்தில், ஆரஞ்சாக ஒரு புள்ளி தெரிய வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. போனைப் பிடுங்கி மடியில் போட்டான். கறுப்புதான். விரலால் விளக்கின் மேல் தேய்த்தான், தூசி மறைத்திருக்குமோ என்று. தூசி இல்லை. பல்பு போய்விட்டதா, இல்லை ஏர்பேக் விழித்துக்கொண்டிருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, இறங்கிச் சுற்றிப் போய், அந்தக் கதவைத் திறக்க வேண்டும். பாலத்தில் ஒதுங்க ஒரு முழம் இடமில்லை. இரண்டு பக்கமும் சுவர், முன்னால் மூன்று கிலோமீட்டர், பின்னால் வண்டி மேல் வண்டி.

வேகத்தைக் குறைத்தான். குறைத்தால் பின்னால் வருகிறவன் இடிப்பான். இடித்தால் முன்னால் போய் முட்டும், முட்டினால் அது வெடிக்கும். வேகத்தைக் கூட்டினான். கூட்டினால் முன்னால் போகிறவன் பிரேக் போடும்போது என்ன செய்வது? மறுபடி குறைத்தான். பேபி சீட்டின் முதுகுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் அளந்தான். ஒரு சாண். நேற்று வரை அது அவனுக்கு வெறும் டேஷ்போர்டு. இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மஞ்சள் நிறத்தில், தரையோடு தரையாக, பந்தயத்துக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிற வண்டி மாட்டு வண்டி போலப் போனால் யார்தான் பொறுப்பார்கள். ஒரு வேன்காரர் தாண்டிப் போகும்போது ஜன்னலை இறக்கி, ஓட்டத் தெரியலன்னா வித்துடுப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் ஓர் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ள அவனுக்கு அப்போது மனசு இல்லை.

பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் போன வேன் சட்டென்று பிரேக் போட்டது. அதன் சிவப்பு விளக்கு இரண்டும் முகத்துக்கு நேரே பெரிதாகிக்கொண்டு வந்தன. பிரேக்கை மிதித்துக்கொண்டே அவன் கையை நீட்டி குட்டியின் சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் வைத்தான். ஒரு கை எதைத் தடுத்துவிடும்? அது அவனுக்குத் தெரியாததா? இருந்தாலும் வைத்தான். வண்டி நின்றது. வேனுக்கும் அவனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. குட்டி ஒரு விக்கல் விக்கினாள். பிறகு, அவன் கையை எடுத்து அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தபோது, சட்டைக் கையின் பொத்தானைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தாள்.

பாலத்துக்குக் கீழே, மூடிக்கிடந்த ஒரு டயர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். சாவியை உருவினான். மூன்றாவது தரம்தான் சாவி உள்ளே போனது. திருப்பினான். திரும்பி வந்து எஞ்சினைப் போட்டான். விளக்கு ஆரஞ்சாக எரிந்தது.

ஆக பல்பில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டிலிருந்து இதுவரை, அத்தனை தூரமும், ஏர்பேக் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவன் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நேற்று அணைத்தேனே, தொட்டேனே, வாய்விட்டுச் சொன்னேனே என்று திரும்பத் திரும்ப நினைத்தான். தானாகத் திரும்ப அது என்ன கடிகார முள்ளா? இன்னொரு சாவி மனைவியின் பையில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிளினிக்கில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். குழந்தையை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

“விளக்கு பாத்தீங்கல்ல?”

அவன் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். நேற்றுச் சூப்பர்வைசர் ஏறினார் என்று சொன்னீர்களே, அப்படியென்றால் ஏர்பேக் போட்டுத்தானே இருக்கும், அதனால் காலையில் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்திலும் தானே சாவியைத் திருப்பிவிட்டுப் போனதாகச் சொன்னாள். அவனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அவளுடைய சட்டப்படி அவள் செய்தது சரி. ஒருவர் செய்தாயிற்று, இன்னொருவர் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவனுடைய சட்டப்படி அவன் நேற்றே அணைத்துவைத்ததும் சரி. சரியும் சரியும் சேர்ந்துதான் குழந்தையைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அல்லது நடந்ததை நடந்தபடியே சொல்லலாம். தப்பு அவளுடையது என்று ஆகிவிடும், வண்டியும் தப்பிக்கும். இந்த இரண்டாவது நினைப்பு ஒரு கணம் வந்து போனதற்காக அவன் பின்னால் பல நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

“பாக்கல,” என்றான். “பாக்காமத்தான் கிளம்பினேன். பாலத்துல ஏறின பிறகுதான் பாத்தேன். எரியல.”

அவள் குழந்தையை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“தப்பு என்னோடது. பாத்திருக்கணும். பேசினபடி வண்டிய வித்துடறேன்,” என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ரத்தப் பை மாறிப் போனால், கடைசியாகக் கைவைத்தவர் யார் என்று தேடிப்போகிற புத்தி அது. வண்டியைத் தாண்டி நேற்றைக்குப் போய்விட்டாள்.

“நேத்து அவர எறக்கி விட்டுட்டு நீங்க அணைச்சீங்களா?”

“ஞாபகம் இல்ல.”

“உங்களுக்கா ஞாபகம் இல்ல?”

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் முடுக்கிய போல்ட்டை இன்றைக்குக் கேட்டாலும் சொல்கிற ஆள் அவன். பொய் சொல்லவும் கொஞ்சம் பழக்கம் வேண்டியிருக்கிறது. அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அது போதும். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்ட மாதிரி ஆனாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் குட்டியின் தொடையைத் துடைத்து ஊசியைக் குத்தினார். குட்டி ஒரு மூச்சு வீறிட்டு, கையில் கொடுத்த கிலுகிலுப்பையைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். அவள் அம்மாவின் அழுகைதான் அடங்கவில்லை. சுவரோரம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். எல்லா அம்மாவும் இப்படித்தான், அடுத்த ஊசிக்குள் பழகிவிடும் என்று நர்ஸ் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவன் பக்கத்தில் போய் நின்றான். மாற்றுத் துணி இருந்த பையைத் திறந்து திறந்து மூடினான்.

வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், ஆள் மூன்று, இருக்கை இரண்டு. இத்தனை நாள் அவர்கள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஒருவர் குட்டியோடு வண்டியில் போவார், மற்றவர் பஸ்ஸில் வருவார். இன்று வண்டிக்குப் பக்கத்தில் இருவரும் வெகுநேரம் நின்றார்கள். நீ ஓட்டுகிறாயா என்று கேட்டான். தலையாட்டி மறுத்தாள். தன் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இனிமே இது என்கிட்ட வேணாம்.”

அவன் கதவைத் திறந்து, துவாரத்தைத் தொட்டு, அணைச்சாச்சு என்றான், பிறகு போய் எஞ்சினைப் போட்டான். அவள் வாய்ப் பேச்சை நம்பாமல், கையால் வெயிலை மறைத்துக் குனிந்து பார்த்தாள். எரியுது என்றாள். நிமிர்ந்தவள் மறுபடி குனிந்து பார்த்தாள். எரியுது. பிறகு ஒரு டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி, அந்த மஞ்சள் வண்டிக்குப் பின்னாலேயே வர வேண்டும், நடுவில் யாரையும் விடக் கூடாது என்று சொன்னாள். டாக்ஸிக்காரர் அதைத் துப்பறிகிற விஷயம் என்று எடுத்துக்கொண்டார் போல, உற்சாகமாக ஒட்டிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் அவன் கண்ணாடியில் பார்த்தான். டாக்ஸியின் பின் சீட்டில் அவள் சாய்ந்து உட்காரவே இல்லை. இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டி, குழந்தை போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் இருக்க வேண்டிய இடம் அந்த டாக்ஸி இல்லை என்று அவனுக்குப் பட்டது.

ஐந்தாம் நாள், துணி மடித்துக்கொண்டே, “வண்டி இருக்கட்டும். நான் பண்ணின தப்புக்கு நீங்க ஏன் விக்கணும்,” என்றாள். ஒரு வாரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவன் தலைகால் புரியாமல் குதித்திருப்பான். இப்போது மறுபக்கம் உட்கார்ந்து அவளோடு துணி மடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டரின் படிவம் வந்தது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல மேஜை போட்டு உட்கார்ந்தான். வளைவில் எப்படி? தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. சத்தம் எப்படி? காலையில் எஞ்சினைப் போட்டால் அன்றைக்கு முழுக்க மனசு நன்றாக இருக்கும். நிறை என்ற இடத்தில் பக்கம் பக்கமாக எழுதினான், ஒரு வார்த்தை பொய் இல்லை. தொடர்ந்து வைத்திருப்பீர்களா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டான். குறை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மனைவி பின்னால் வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ‘இரண்டு பேர்தான் உட்கார முடிகிறது’ என்று அவன் எழுதினான். குழுவில் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தான். அது சரிப்படவில்லை, வண்டி மேல் பழி போடுவது போல இருந்தது. அழித்தான். போனைப் பிடுங்க வந்த குட்டியின் கையை மெல்ல விலக்கிவிட்டு மறுபடி எழுதினான்.

குறை: நாங்கள் மூன்று பேர்.